சொல் விளக்கம்: டன்ஜன்

டன்ஜன் என்றதும் பலருக்கும் பாதாளச் சிறைதான் ஞாபகம் வரும். வீடியோ கேம்கள் அப்படிப் பழக்கிவிட்டன. இந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் பிரெஞ்சு ‘தொன்ஜோன்’. இடைக்காலப் பிரான்சில் அப்படிச் சொன்னது கோட்டையின் தலைமைக் கோபுரத்தை. பிரபு குடியிருக்கவும், மற்ற மதில்கள் விழுந்தபின் கடைசியாக ஒதுங்கி நின்று போராடவும் கட்டிய இடம் அது.

லத்தீனில் ‘டோமினுஸ்’ என்றால் தலைவன், உடையவன். அந்த வேரிலிருந்து வந்த பிற்கால லத்தீன் சொல்லே இப்படித் திரிந்தது என்பது பெரும்பாலான சொல்லாய்வாளர்களின் முடிவு. இணையத்தில் சொல்கிறோமே ‘டொமைன்’, அதுவும் இதே குடும்பம்தான்.

அப்படிப்பட்ட கோபுரத்துக்கு நல்ல சான்று பிரான்சின் நார்மண்டியில், சேன் ஆற்றுக்கு மேலே சுண்ணாம்புக் குன்றில் நிற்கும் ஷாத்தோ கயார் கோட்டை. இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் 1196-98இல் கட்டியது. பாறையை வெட்டி எடுத்த வறண்ட அகழிகள், ஒன்றைத் தாண்டினால் இன்னொன்றாக மதில்கள். உள்மதில் நேராக ஓடாமல் அரைவட்டம் அரைவட்டமாக நெளியும். எறிகல் பட்டாலும் அதன் முழு வேகமும் சுவரில் இறங்காது. அதற்குள்ளேதான் தொன்ஜோன். எதிரி வரும் பக்கம் அதன் சுவர் கப்பலின் முனைபோலக் கூராக இருக்கும். உச்சியில் சுவரைத் தாண்டி நீட்டிய விளிம்பின் இடைவெளி வழியே கீழே நிற்பவர்கள்மேல் கல்லைப் போடலாம். அவ்வளவு நுட்பமான வேலை! அப்படியும் பல மாத முற்றுகைக்குப் பின் 1204 மார்ச் 6 அன்று பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப்பிடம் கோட்டை வீழ்ந்தது.

அப்புறம், எதிரி நுழைய முடியாத சுவர் கைதி தப்ப முடியாத சுவரும் ஆகுமே. 1314இல் பிரெஞ்சு இளவரசி மார்கரித்தை இதே கோட்டையில்தான் அடைத்தார்கள். மறு ஆண்டு அங்கேயே இறந்தார். ஆங்கிலத்தில் சிறைப் பொருள் 14ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பிறகு அங்கே கோபுரத்துக்குக் ‘கீப்’ என்று வேறு பெயர் வந்தது. பிரெஞ்சில் இன்றும் தொன்ஜோன் கோபுரம்தான்.

சரி, தமிழில்? ‘காவற்கோபுரம்’ போதாது, அது கண்காணிக்க மட்டும் ஏறும் இடம். ‘கொத்தளம்’ மதிலோடு ஒட்டிப் புடைத்து நிற்பது. அரணும் மனையும் சேர்ந்த ‘அரண்மனை’ அமைப்பில் மிக நெருக்கம், ஆனால் இன்று அதைக் கேட்டால் ஆடம்பரம்தான் தோன்றுகிறது. அதே அச்சில் ‘அரண்மாடம்’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. மாடம் என்பது அடுக்குகள் கொண்ட வீடு. சிறைப் பொருளில் வந்தால் ‘நிலவறைச் சிறை’. பழைய பிரெஞ்சு வரலாற்றை மொழிபெயர்க்கிறவர்கள் இந்த வேறுபாட்டை விடவே கூடாது. விட்டால், அரசர் குடியிருந்த இடத்தில் அவரைக் கைதியாக்கிவிடுவோம்.