‘மாட்டு வளைவு’ வேண்டாம், ‘இருகிளை வளைவு’ என்போம்

ஸ்கேன் அறிக்கையில் ‘போவைன் ஆர்ச்’ என்று வந்தால் உடனே ‘மாட்டு வளைவு’ என்று தமிழில் போட்டுவிடுகிறார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயின் வளைவில் கிளைகள் சற்று வேறாக அமைந்திருப்பதைக் குறிக்கும் பெயர் அது. ‘பசுவகைப் பெருந்தமனிக் குறைபாடு’ என்று நீட்டி எழுதுவோரும் உண்டு. இதில் பசுவும் தவறு, குறைபாடும் தவறு.

சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘போஸ்’ என்றால் மாடு, ‘ஆர்கஸ்’ என்றால் வில். அந்தப் பெரிய இரத்தக்குழாயின் பெயரான ‘அயோர்ட்டா’ கிரேக்கச் சொல். ‘தூக்கு’ என்ற பொருளுள்ள வினையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். தமிழில் பெருநாடி, பெருந்தமனி என இரண்டும் வழங்குகின்றன. நாடி என்றதும் நம்மவர்களுக்குக் கை பிடித்துப் பார்க்கும் துடிப்பே நினைவுக்கு வருகிறது. அதனால் எனக்குப் பெருந்தமனிதான் சரி.

இதயத்திலிருந்து மேலெழும் பெருந்தமனி, மார்பின் மேற்பகுதியில் இடப்பக்கமாகப் பின்னோக்கி வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவின் மேற்புறத்திலிருந்து பெரும்பாலோருக்கு மூன்று கிளைகள் கிளம்பும். முதலாவது புயத்தலைத் தமனி. அது சற்று மேலே போய், வலக்கைக்கும் கழுத்தின் வலப்பக்கத்துக்குமாகப் பிரிகிறது. அடுத்தது இடது கழுத்துத் தமனி. கடைசியாக, காறை எலும்புக்கு அடியில் இடக்கை நோக்கிப் போகும் இடது காறையடித் தமனி. சிலருக்கு இடது கழுத்துத் தமனி தனியே கிளம்பாமல், புயத்தலைத் தமனியோடு ஒரே வாயிலிருந்து புறப்படும். அல்லது புயத்தலைத் தமனியிலிருந்தே கிளைக்கும். இந்த இரண்டு அமைப்புகளுக்கும் சேர்த்துத்தான் ‘போவைன் ஆர்ச்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, மாட்டுக்கு அப்படியா இருக்கிறது? இல்லை. மாட்டின் பெருந்தமனி வளைவிலிருந்து கிளம்புவது ஒரே ஒரு பெரிய கிளை. இரண்டு முன்னங்கால்களுக்கும் தலைக்கும் போக வேண்டிய தமனிகள் எல்லாம் அதிலிருந்தே பிரிகின்றன. மனிதரில் சொல்லப்படும் அமைப்பில் இடது காறையடித் தமனி தனியாகத்தான் நிற்கிறது. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் நாயும் பூனையும்தான் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆங்கிலப் பெயரே பிழையானது என்று 2006-இல் நரம்புக் கதிரியல் ஆய்விதழ் ஒன்றில் தெளிவாக எழுதியாயிற்று. மூலமொழிக்காரர்களே பிழை என்று சொல்லிவிட்ட பெயரை நாம் ஏன் புதிதாகத் தமிழில் நட வேண்டும்?

தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர் இதற்கு ‘ஆவளைவு’ என்று பெயர் வைக்கலாமே என்பார்கள். நானும் தனித்தமிழ் விரும்பிதான். ஆனால் மாட்டை ‘ஆ’ ஆக்கினால் சொல் தூய்மையாகுமே தவிர, பிழை போகாது. படிப்பவர் முதலில் ‘ஆ’ என்றால் என்ன என்று தேட வேண்டும். தேடிக் கண்டபின் தன் நெஞ்சுக்குள் மாட்டின் உறுப்பு இருப்பதாக நினைத்துக் கலங்க வேண்டும். பொருளைக் காட்டாத தூய்மையால் யாருக்கு என்ன பயன்? இன்னொரு தரப்பு ‘பொதுத்தண்டு வளைவு’ என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதயத்திலிருந்து பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் பிரியாமல் ஒரே தண்டாகக் கிளம்பும் கடுமையான பிறவி இதய நோய் ஒன்று இருக்கிறது. அதைத் தமிழில் சொல்லத் ‘தமனித்தண்டு’ என்ற சொல் தேவைப்படும். குழந்தைக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் நோயையும், பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராத ஓர் அமைப்பையும் ஒரே சாயலில் பெயரிடுவது ஆபத்து.

‘குறைபாடு’ என்ற சொல்லின் கேடும் அதேதான். ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும், நூறு பேரில் 10 முதல் 20 பேருக்கு இந்த அமைப்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இத்தனை பேருக்கு இருப்பதை எப்படிக் குறை என்பது? ‘பிறழ்வு’ என்பதும் வழி தவறியது என்ற நிழலைக் கொண்டுவருகிறது. ‘வேறுபாடு’ போதும்.

என் பரிந்துரை ‘இருகிளை வளைவு’. வளைவில் எத்தனை கிளை என்று எண்ணிப் பார்த்தே பெயர் சொல்லலாம். வழக்கமானது முக்கிளை வளைவு. இடது முதுகெலும்புத் தமனி வளைவிலிருந்தே நேராகக் கிளம்பி நான்காவது கிளையானால் நாற்கிளை வளைவு. இடப்பக்கத்திலும் ஒரு புயத்தலைத் தமனி அமைந்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கிளைகள் வருவதும் அரிதாக உண்டு. குழப்பம் வரும் இடத்தில் அதை ‘இணையான இருகிளை’ என்றும், நாம் பேசுவதை ‘வலஞ்சார் இருகிளை’ என்றும் பிரித்துக்கொள்ளலாம். கழுத்துத் தமனிக்குள் குழாய் செலுத்தும் மருத்துவருக்கும் இந்தக் கணக்குதான் உதவும், ஏனென்றால் இடது கழுத்துத் தமனிக்குள் எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்பதே இங்கே மாறிவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் உறுப்பைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்ப்பதுதான் என் பெரிய வருத்தம். ‘ஆர்ட்டீரியா லூசோரியா’வை ‘விளையாட்டுத் தமனி’ என்று எழுதுவதும் இப்படித்தான். வலது காறையடித் தமனி வளைவின் கடைசிக் கிளையாக இடப்பக்கம் கிளம்பி, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் வலப்பக்கம் போகும் அமைப்பு அது. அதனால் விழுங்கச் சிரமப்பட்ட ஒருவரைப் பற்றி 1794-இல் டேவிட் பேஃபோர்டு எழுதியபோது, ‘இயற்கையின் விளையாட்டு’ என்ற லத்தீன் தொடரிலிருந்து ‘லூசோரியா’ என்ற சொல்லை எடுத்தார். ‘இடம்மாறிய வலது காறையடித் தமனி’ என்று எழுதினால் எந்தத் தமனி, எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். இந்த அமைப்பு உள்ளவர்களுக்கு வலப்பக்கக் குரல்வளை நரம்பும் வழக்கமான பாதையில் போவதில்லை. அந்த நரம்பைக் காயப்படுத்தாமல் இருக்க, தைராய்டு அறுவை சிகிச்சை செய்பவர் அறிக்கையில் தேடுவது அந்தத் தகவலைத்தான்.