இன்ஹேலருக்குள் ஒரு ரப்பர் வளையம்

ஆஸ்துமாக்காரர் கையில் இருக்கும் இன்ஹேலரின் அலுமினியக் குப்பியில், மருந்தோடு உந்துவாயுவும் திரவமாக அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது எச்எஃப்ஏ-134ஏ. 20 டிகிரி செல்சியஸில் அதன் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். மாதக்கணக்கில் அதைக் கட்டிக் காப்பவை சில ரப்பர் வளையங்கள்தான்.

வால்வின் நடுவில் ஒரு மெல்லிய தண்டு, அதைச் சுற்றி ஒரு குட்டி அறை. பல இன்ஹேலர்களில் அந்த அறையின் கொள்ளளவு சுமார் 50 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டுத் தண்ணீர் அளவு. குப்பியை அழுத்தியதும் முதலில் உள்வளையம் அறையைக் குப்பியிலிருந்து துண்டிக்கிறது. அப்புறம்தான் தண்டின் பக்கவாட்டுத் துளை வெளிவளையத்தைத் தாண்டி அறைக்குள் வருகிறது. அறையில் இருந்தது மட்டும் சீறிக்கொண்டு வெளியேறும். இந்த வரிசை பிசகினால் மருந்தின் அளவும் பிசகும்.

வளையம் இறுகப் பிடித்தால் தண்டு சிக்கிக்கொள்ளும், தளர்ந்தால் கசியும். போதாக்குறைக்கு, உந்துவாயுவில் ஊறி ரப்பர் உப்பும். எவ்வளவு உப்பும் என்பது ரப்பருக்கு ரப்பர், வாயுவுக்கு வாயு மாறும். ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின், அதுவரை உந்துவாயுவாக இருந்த சிஎஃப்சி வாயுக்களைக் கைவிட்டபோது, பழைய வளையங்களை அப்படியே வைத்துக்கொள்ள முடியாமல் போனது அதனால்தான். இன்று நைட்ரைல், ஈபிடிஎம், பியூட்டைல் போன்ற ரப்பர்களில், மருந்துக் கலவைக்கு ஒத்துப்போவதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு. ரப்பரில் ரப்பர் மட்டும் இருப்பதில்லை. ரப்பரை இறுக்கிப் பிணைக்கும் கந்தகம், அதன் வேலையை விரைவுபடுத்தும் முடுக்கிகள், வலுவுக்குக் கார்பன் கரி எல்லாம் சேர்ந்திருக்கலாம். சில முடுக்கிகளால் நைட்ரோசமைன்கள் உருவாகும். கரியோடு பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் வரும். இரண்டிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உண்டு. ரப்பரிலிருந்து கரைந்து இறங்குவது நேரே நுரையீரலுக்குப் போகும், அதுவும் ஏற்கெனவே நோயுற்ற நுரையீரலுக்கு. அதனால் கந்தகத்துக்குப் பதில் பெராக்சைடு, கரிக்குப் பதில் கனிமத் தூள் என்று மாற்றுகிறார்கள். வளையங்களைக் கரைப்பான்களில் கழுவியும் எடுக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். உள்ளே இத்தனை அழுத்தம் இருந்தும், வெளியிலிருக்கும் ஈரம் ரப்பர் வழியே உள்ளே நுழைந்துவிடும். நீராவி பார்ப்பது மொத்த அழுத்தத்தை அல்ல; தான் எங்கே குறைவாக இருக்கிறோம் என்பதை மட்டும்தான். ஈரம் புகுந்தால் மருந்துத் துகள்கள் ஒட்டிப் பெரிதாகி, நுரையீரலின் ஆழத்துக்குப் போகாமல் தொண்டையிலேயே தங்கிவிடலாம்.

இப்போது புவி வெப்பத்தைக் குறைவாகக் கூட்டும் எச்எஃப்ஏ-152ஏ போன்ற வாயுக்கள் வருகின்றன. சரி, வாயுவை மாற்றியாயிற்று என்றால், வளையத்தை அதில் முதலிலிருந்து ஊறவைத்துப் பார்க்க வேண்டும்: எவ்வளவு உப்புகிறது, என்ன கரைந்து வருகிறது, தண்டு தடையில்லாமல் திரும்புகிறதா என்று.