நேர்முகத் தேர்வில் உடம்பைப் பற்றிக் கேட்டால்

போன வாரம் என் தங்கை மகள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு வேலைக்காக நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தாள். பி.காம். முடித்தவள். இரண்டு காதிலும் கருவி மாட்டியிருப்பாள். வந்ததும் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, “மாமா, ராத்திரி முழுக்க ஜி.எஸ்.டி. படித்துவிட்டுப் போனேன். அவர்கள், அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் முடித்தவர்களா என்று கேட்டார்கள்” என்றாள்.

அதோடு நிற்கவில்லை. பிறவியிலேயே இப்படியா? கருவியைக் கழற்றினால் சுத்தமாகக் கேட்காதா? நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இப்படி இருந்தால் வேலைக்கு வருவாயா? கேட்டவர் பாதி நேரம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசியிருக்கிறார். உதட்டசைவையும் பார்த்துப் புரிந்துகொள்கிறவள், இரண்டு கேள்விகளைத் திரும்பச் சொல்லும்படி கேட்டிருக்கிறாள். “பார்த்தீர்களா, கேட்கவில்லை” என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னாராம். கணக்கைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை.

எனக்கு இடது காலில் போலியோ. தரைத்தளத்தில் உட்கார்ந்து பில் எழுதுகிற வேலைக்கு, “மாடி ஏறுவீர்களா தம்பி?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஆகவே அவள் சொன்னது எனக்குப் புதிதாக இல்லை.

இப்படிக் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா? நேராகச் சொல்லிவிடுகிறேன்: நேர்முகத் தேர்வில் இன்னின்ன கேள்வி கேட்கக் கூடாது என்று பட்டியல் போட்ட விதி மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை தருகிறோம் என்று சொல்வதற்கு முன் உடற்குறையைப் பற்றி விசாரிக்கவே கூடாது. பிரிட்டனிலும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் உடல்நலக் கேள்விகளுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. நம் சட்டம் வேறு வழியில் போகிறது. கேள்வியை விட்டுவிட்டு, அந்தக் கேள்வியை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்கிறது.

2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. உடற்குறையைக் காரணம் காட்டி யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. நியாயமான ஒரு நோக்கத்துக்கு, அளவுக்கு மீறாத வழி அதுதான் என்று காட்ட முடிந்தால் மட்டுமே விலக்கு. கண்பார்வை இல்லாதவரை லாரி ஓட்ட எடுக்க முடியாது என்பது அந்த விலக்கில் அடங்கும். பெற்றோர் என்ன உறவு என்பது எந்தப் பதவிக்கும் அதில் அடங்காது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. நியாயமான மாற்று ஏற்பாட்டை மறுப்பதையும் சட்டம் பாகுபாடு என்றே கணக்கில் வைக்கிறது. நிறுவனம் தாங்க முடியாத சுமையாக இல்லாதவரை அதைச் செய்து தர வேண்டும். என் மருமகள் விஷயத்தில் அந்த ஏற்பாடு என்ன? வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேசுவது. காலணாச் செலவில்லை. மற்றவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரோ, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளோ தேவைப்படலாம்.

இந்த ஏற்பாட்டைக் கேட்க, குறைபாடு 40 சதவீதமாவது இருக்கிறது என்ற சான்றிதழ் வேண்டும் என்று சில அலுவலகங்களில் சொல்வார்கள். வேண்டியதில்லை. 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கான அளவு. அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்டால் சான்றிதழைக் காட்டித்தான் ஆக வேண்டும். எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் நோய் உள்ள ஒருவர், தேர்வில் தனக்காக எழுத ஆள் கேட்டுப் போட்ட வழக்கில், 40 சதவீதத்தை எட்டாதவருக்கும் மாற்று ஏற்பாடு பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பார்வையில்லை என்பதற்காக நீதிபதிப் பணிக்கான போட்டியிலிருந்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் சொல்லியது. தீர்ப்பு எழுதும் வேலைக்கே அப்படியென்றால் பில் எழுதும் வேலைக்குக் கேட்க வேண்டுமா!

சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. வேலையில் பாகுபாடு கூடாது என்று தனியாகச் சொல்லும் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைக் குறித்தே பேசுகிறது. தனியாரைப் பிடிக்க 3-ஆம் பிரிவும் 21-ஆம் பிரிவும்தான் கைகொடுக்கும். 21-இன்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், எந்தப் பணியிடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை, எப்படித் தேர்ந்தெடுப்பார்கள், தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இணையதளத்தில் போட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். வேலை கேட்டுப் போகும்போது சுவரை ஒரு பார்வை பாருங்கள். பெரும்பாலும் சாமி காலண்டர்தான் தொங்கும்.

அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது சட்டப் பிரிவு ஒப்பிக்க முடியாதுதான். கேள்வியை வேலையின் பக்கம் திருப்பிவிடலாம். “எவ்வளவு கேட்கும்?” என்றால், “நேருக்கு நேர் பேசினால் சிரமமில்லை. வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசுவது இந்த வேலையில் உண்டா?” என்று திருப்பிக் கேட்கலாம். வேலையை ஒட்டிய கேள்வி என்றால் அங்கே பேச்சு தொடரும். “இந்த வேலையை எப்படிச் செய்வாய்?” என்பது கேட்கத்தக்க கேள்வி, அதற்குக் கோபப்பட வேண்டாம். கல்யாணம், பிள்ளை, பெற்றோர் உறவு என்று போனால், “அது இந்த வேலைக்கு எப்படிப் பொருந்தும் சார்?” என்பதே போதும். பொய் மட்டும் சொல்லாதீர்கள். பின்னால் அதையே காரணமாக்குவார்கள்.

வெளியே வந்ததும் எழுதிவிடுங்கள்: தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், கேட்டவை அதே சொற்களில். அழைப்புக் கடிதத்தையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள்.

அரசு அலுவலகம் என்றால் அங்கே நியமிக்கப்பட்டுள்ள குறைதீர் அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது. தனியார் என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த முறையிலிருந்து 50,000 முதல் 5 லட்சம் வரை. நாலு பேர் பார்க்க வேண்டுமென்றே அவமானப்படுத்தியிருந்தால் அது 92-ஆம் பிரிவு. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. மூடிய அறைக்குள் நடந்ததற்கு அந்தப் பிரிவு பொருந்துவது கடினம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். கொடுத்ததற்கான சீட்டை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

என் மருமகள் பஸ்ஸிலேயே அழைப்புக் கடிதத்தின் பின்பக்கம் ஏழு கேள்விகளையும் எழுதிவிட்டிருந்தாள், வரிசை எண் போட்டு. இரண்டு நகல் எடுத்தாயிற்று. வருகிற திங்கட்கிழமை போகிறோம்.