மைனர்: துணைப்பாடமா, சார்புப்பாடமா?

"மேஜர் பிசிக்ஸ், மைனர் மாத்தமாட்டிக் குனாஆன்" என்று அக்காள் மகன் சொன்னதும், தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா கரண்டியை நிறுத்திவிட்டார். "மைனரா? கழுத்துல செயின் போட்டுக்கிட்டுச் சுத்துவானே, அவனாடா நீ?"

மலேசியாவில், பினாங்கில் படிக்கிற பையன் முழித்தான். பாட்டி மேல் தப்பில்லை. தமிழில் மைனர் வேறு வழியாக வந்து குடியேறிய சொல். ஆங்கிலேயர் காலத்தில் வயது நிரம்பாத ஜமீன் வாரிசுதான் மைனர். சொத்து கைக்கு வந்ததும் சிலர் ஆடிய ஆட்டத்தில், அந்தச் சட்டச்சொல் ஊதாரிக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

மூலம் இலத்தீன். 'மினோர்' என்றால் 'அதைவிடச் சிறியது'. கழித்தல் குறிக்குச் சொல்கிற 'மைனஸ்' அதன் உடன்பிறப்பு. பட்டப்படிப்பில் முதன்மைப் பாடத்தை மேஜர் என்றும், அடுத்ததை மைனர் என்றும் சொல்வது அமெரிக்கக் கல்லூரி வழக்கு.

அவன் சொன்ன 'குனாஆன்' என்ற மலாய்ச் சொல் இன்னும் சுவையானது. 'குணம்' என்று நாம் சொல்லும் அதே சமஸ்கிருதச் சொல், மலாயில் 'குனா' ஆகி, 'பயன்' என்று பொருள் மாறிவிட்டது. ஆக மாத்தமாட்டிக் குனாஆன் என்பது பயன்பாட்டுக் கணிதம். இலங்கையில் இதையே பிரயோக கணிதம் என்பார்கள்.

பாட்டிக்கு அதை விளக்க மேசையில் ஒரு தே தாரிக், அதாவது மலேசியப் பால்தேநீர், போதும். தேநீர் 80 பாகை, அறை 30 என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 50. பத்து நிமிடத்தில் அது பாதியாகி 25 ஆனால், தேநீர் 55 பாகை. இன்னொரு பத்து நிமிடம் போனால் வித்தியாசம் 12.5, தேநீர் 42.5. ஆறும் வேகம் எப்போதும் மிச்சமிருக்கும் வித்தியாசத்தைப் பொறுத்தது. இப்படி மாறும் வேகத்தைச் சொல்லும் சமன்பாட்டுக்கு வகைக்கெழுச் சமன்பாடு என்று பெயர்; அதை எழுதிப் பழகுவது அந்தப் பாடத்தில் முக்கியமான ஒரு பகுதி. இயற்பியல்காரனுக்கு இது கைத்தடி மாதிரி.

சரி, மைனருக்குத் தமிழ் என்ன? தமிழ்நாட்டில் இந்த மாதிரி இரண்டாம் பாடத்தைச் 'சார்புப் பாடம்' என்றும் சொல்வார்கள். கணக்கு மாணவனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்: கணிதத்தில் சார்பு என்றால் பங்ஷன், அதற்குத் தனிப் பாடமா என்று கேட்பான். 'சிறுபாடம்' என்றால் மட்டம் தட்டியது போலாகும். என் ஓட்டு துணைப்பாடத்துக்கு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அது கதைப் பகுதியைக் குறிக்கும். மலேசியாவில் அந்தக் குழப்பம் இல்லை. துணை என்பதில் சிறுமையும் இல்லை, கூட வருவது என்ற பொருள்தான்.

ஒரு இடத்தில் மட்டும் துணை உதவாது. எண்களைச் சதுரமாக அடுக்கிப் போடும் அணிக்கோவைக் (டிடர்மினன்ட்) கணக்கிலும் ஒரு மைனர் வரும்; அது சிற்றணிக்கோவை. ஒரு நிரையையும் (கிடை வரிசை) ஒரு நிரலையும் (செங்குத்து வரிசை) அடித்துவிட்டு மிஞ்சுவது, உண்மையிலேயே சிறியது.

"துணைப்பாடம்னு சொல்லியிருந்தா நான் ஏன்டா கேட்கப் போறேன்?" என்றார் அம்மா. அதற்குள் தோசை தீய்ந்துவிட்டது.