எஞ்சினைக் கடைசியாக வாங்குங்கள்

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு தம்பி கிள்ளானில் உள்ள என் பட்டறைக்கு லோரியில் ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்தார். 1981-ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, கேஇ70 மாடல். அவருடைய அப்பா தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்த புதிதில் வாங்கியது. காருக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஓர் எஞ்சினும் கியர்பாக்ஸும் இருந்தன. டொயோட்டா அல்தேஸ்ஸா காரிலிருந்து எடுத்த, பீம்ஸ் 3எஸ்-ஜிஇ என்ற இரண்டு லிட்டர் எஞ்சின். "அண்ணே, எஞ்சின் ரெடி. எத்தனை நாள்ல ஏத்தித் தருவீங்க?" என்று கேட்டார்.

நான் எஞ்சினைப் பார்க்கவில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனேன். பின்சக்கரத்துக்கு முன்னால், பின் அச்சைப் பிடித்து நிற்கும் கம்பிகள் பாடியோடு சேரும் இடத்தில் லேசாகக் குத்தினேன். நுனி உள்ளே போய்விட்டது. மேலே பார்த்தால் பளபளப்பான சாயம். கீழே தகரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

பழைய ஜப்பான் கார்களைப் புதுப்பித்து, புது எஞ்சின் போட ஆசைப்படுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு, இந்தத் தொழிலுக்கு வந்ததே அதனால்தான். ஆனால் பத்தில் எட்டுப் பேர் முதலில் எஞ்சினை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். கையிருப்பில் பெரும்பங்கு அதற்கே போய்விடுகிறது. அப்புறம் பாடிக்கும் பிரேக்குக்கும் எரிபொருள் குழாய்க்கும் காசு போதாது. "இப்போதைக்கு ஓடட்டும், பிறகு பார்ப்போம்" என்று சாலைக்கு வந்துவிடுகிறார்கள். நான் எழுத வந்தது இதைப் பற்றித்தான்.

கேஇ70-யில் கம்பெனி வைத்த எஞ்சின் 4கே. 1290 சிசி, கார்ப்பரேட்டர், சுமார் 60 குதிரைத்திறன். காரின் எடை 900 கிலோவுக்கும் குறைவு. பிரேக், பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃப்ரன்ஷியல், ரேடியேட்டர், வயரிங் என்று எல்லாமே அந்த அறுபதை மனத்தில் வைத்துச் செய்தவை. 1998-இல் அல்தேஸ்ஸாவோடு வந்த பீம்ஸ் எஞ்சின் 1998 சிசி, 210 குதிரைத்திறன், கூடவே ஆறு கியர். மூன்றரை மடங்கு சக்தி, நாற்பது வயதுத் தகரத்தில் போய் உட்காருகிறது. எஞ்சின் பொருந்துமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெல்டிங் தெரிந்தவன் எதையும் பொருத்திவிடுவான். கார் அதைத் தாங்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாடியில் இருந்து தொடங்குவோம். நம் ஊர் மழைக்கும் வெக்கைக்கும் இந்தக் கார்கள் துருப்பிடிக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பேட்டரித் தட்டுக்கு அடியில் ஆசிட் வடிந்த இடம், முன் கண்ணாடிக்குக் கீழே இலைச் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கும் பள்ளம், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி, ஸ்பேர் டயர் குழி, முன் ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் கிண்ணம். காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. வெளிக்கதவில் பட்டி இருந்தால் அது அழகுப் பிரச்சினை மட்டும்தான். பின் அச்சு பிடித்து நிற்கும் இடத்திலும் ஷாக் கிண்ணத்திலும் இருந்தால் ஆபத்து. 210 குதிரைத்திறன் பின்சக்கரத்தைத் தள்ளும்போது அந்த விசை முழுவதும் வந்து இறங்குவது அங்கேதான். துருவை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். துருவுக்கு மேலேயே தகடு ஒட்டுவது, காயத்தைக் கழுவாமல் கட்டுப் போடுவது போல. உள்ளே அது தின்றுகொண்டேதான் இருக்கும்.

தம்பியின் காரில் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தபோது இப்படிப் பதினொரு இடம். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் எஞ்சின் ஏற்றிய பிறகு அது வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் தெரிய வருவதைவிட, பட்டறையில் தெரிந்தது நல்லது.

அடுத்தது பிரேக். வேகம் இரண்டு மடங்கானால் காரை நிறுத்தத் தேவையான ஆற்றல் நான்கு மடங்கு. பள்ளியில் படித்ததுதான், கார் கட்டும்போது மறந்துவிடுகிறோம். கேஇ70-யின் முன் டிஸ்க் சின்னது, பின்னால் டிரம். பீம்ஸ் மாதிரி ஓர் எஞ்சினுக்கு முன்னால் காற்றுப்போகும் வகை டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய காலிப்பரும் கட்டாயம். அதே குடும்பத்துக் கொரோலாவான ஏஇ86-இன் பாகங்களைத் தேடுவது வழக்கம். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. காலிப்பர் பெரிதானதும் பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் பம்ப்பையும் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக்கிவிடுவார்கள். பெடல் கல் மாதிரி கெட்டியாகிவிடும், "சூப்பர் பிரேக்" என்று தோன்றும். உண்மையில் அதே அளவு பிடிமானத்துக்குக் கால் இன்னும் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். அவசரத்தில் அது போதாமல் போகும். முன், பின் பிடிமானத்தின் அளவும் சரியாக இருக்க வேண்டும். மழையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். பிரேக் எண்ணெயையும் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகைப் புது எண்ணெய் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. கேமரன் மலை இறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும்.

இனி, எனக்கு மிகவும் பயம் தரும் விஷயம்: எரிபொருள் குழாய்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் ஈப்போவிலிருந்து மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கிளம்பி வந்து, அப்படியே என் பட்டறையில் நிறுத்தினார். வேறு எங்கோ 4ஏ-ஜிஇ என்ற, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் ஏற்றிய கொரோலா. ஏற்றி இரண்டு மாதம்தான். "லேசா பெட்ரோல் வாடை வருது, பழைய கார்னா அப்படித்தானே?" என்றார். பானட்டைத் திறந்தேன். ரப்பர் ஹோஸ் வியர்த்துப்போய் இருந்தது. விரலை வைத்தால் ஈரம். அங்கிருந்து ஒரு முழம் தள்ளி, சூடான எக்ஸாஸ்ட். பின் சீட்டில் சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லாரையும் இறக்கி வெளியே நிற்கச் சொன்னபோது என் கை நடுங்கியது.

காரணம் எளிது. கார்ப்பரேட்டருக்கு எரிபொருள் அனுப்பும் பழைய மெக்கானிக்கல் பம்ப் தரும் அழுத்தம் கிட்டத்தட்ட 0.3 பார். இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்குத் தேவை சுமார் 3 பார், அதாவது பத்து மடங்கு. பழைய ஹோஸும், ஸ்க்ரூ வைத்து இறுக்கும் சாதாரண கிளிப்பும் அதற்கானவை அல்ல. முதல் நாளே ஒழுகாது. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு, மெல்ல வெடிப்பு விடும்.

கடையில் ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்றிருந்தால் அது கார்ப்பரேட்டர் காருக்கு. இன்ஜெக்‌ஷனுக்கு ஆர்9 வேண்டும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்9-கூடச் சரிவராது, அதற்கு ஆர்10 என்று தனியாக உண்டு. இதற்கு ஆகும் கூடுதல் செலவு, ஸ்போர்ட் ரிம் ஒன்றின் விலைகூட வராது. கிளிப்பும் ஹோஸை அறுக்காத, சுற்றிலும் ஒரே சீராக இறுகும் வகையாக இருக்கட்டும்.

பழைய டேங்குக்குள் இன்ஜெக்‌ஷன் கார்களில் இருப்பது போன்ற தடுப்பறை இருக்காது. பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் திரும்பினால் எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த நொடியில் எஞ்சின் முழு வேகத்தில் இருந்தால் பிஸ்டனுக்கே கேடு. அதனால் நடுவில் ஒரு சின்ன சர்ஜ் டேங்க் வைப்போம். அதைக் காருக்குள் வைப்பதாக இருந்தால் பயணிகள் பக்கம் வாடை வராதபடி மூடிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் தானாக நிற்கும்படி ரிலே இணைப்பு இருக்க வேண்டும். சாவியைத் திருப்பினாலே பம்ப் நிற்காமல் ஓடும்படி நேராக வயர் கொடுத்த கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கவிழ்ந்து கிடக்கும் காரிலும் அந்தப் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

வயரிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் எஞ்சினைச் சீக்கிரம் கழற்ற வயர் கொத்தைக் கட்டரால் வெட்டிவிடுவார்கள். வெட்டாத வயரோடும், எஞ்சினை இயக்கும் கணினியான, அதே காரின் இசியு-வோடும் கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. வெட்டிய நூறு வயரை முறுக்கி டேப் சுற்றினால், ஒவ்வொரு முடிச்சும் ஒரு நாள் மழையில் உங்களை நடுரோட்டில் நிறுத்தும். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கம்பியைப் புதிதாகப் போடுங்கள். சென்சார் கோளாறு என்று வரும் கார்களில் பாதிக்கு அதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகு எஞ்சினைத் தேடுங்கள். இரண்டு லிட்டர்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். வீட்டுக் காராக ஓட்டப்போகிறீர்கள் என்றால் 1587 சிசி 4ஏ-ஜிஇ தாராளம் என்பது என் கருத்து. ஏஇ86-இல் இதே எஞ்சின் இதே போன்ற அடித்தளத்தில் ஓடியது, அதனால் பாகங்கள் சேரும். அதன் இருபது வால்வு வகையை எடுத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கச் சுவரில் இடிக்கும். சுவரை வெட்டாமல், டிஸ்ட்ரிபியூட்டர் தேவைப்படாத காயில் இக்னிஷனுக்கு மாறுவதே நல்லது. இன்னும் எளிமையாக வேண்டுமா? லைட்ஏஸ் வேனின் 5கே, 1486 சிசி, 4கே இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். பெருமை பேச முடியாது, ஆனால் ஊருக்குப் போய் வர அருமையான எஞ்சின்.

எதை வாங்கினாலும் கம்ப்ரெஷன் சோதித்து, எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புச் சேறு இருக்கிறதா என்று பாருங்கள். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின் ஆயில் சீல் மூன்றையும் எஞ்சின் தரையில் இருக்கும்போதே மாற்றுங்கள். இருபது வால்வில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்துவிடும். பீம்ஸின் கம்ப்ரெஷன் 11.5-க்கு 1. ரோன் 95 பெட்ரோல் ஊற்றி அதை அடித்து ஓட்டாதீர்கள், 97 போடுங்கள்.

காகித வேலையை வேலை முடிந்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். கிராண்டில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், எஞ்சின் எண்ணும் சிசியும் எழுதியிருக்கிறது. எஞ்சினை மாற்றினால் ஜேபிஜே என்று நாம் சொல்லும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வாங்கி, பரிசோதனை முடித்து, கிராண்டைத் திருத்த வேண்டும். என்னென்ன ஆவணம் வேண்டும் என்று வேலையைத் தொடங்கும் முன்பே போய்க் கேட்டுவிடுங்கள். எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரசீது தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். தீபகற்ப மலேசியாவில் ரோடு டாக்ஸ் 1290 சிசிக்கு 70 ரிங்கிட், 4ஏ-ஜிஇக்கு 90, இரண்டு லிட்டருக்கு ஏறக்குறைய 380. இந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கச் சிலர் பழைய எண்ணிலேயே ஓட்டுகிறார்கள். விபத்து நடந்து, காப்புறுதி நிறுவனத்தின் ஆள் பானட்டைத் திறந்து எண்ணைப் பார்க்கும் நாளில், இழப்பீட்டை மறுக்க நீங்களே காரணம் கொடுத்தவர் ஆகிறீர்கள். எதிர் வண்டியில் அடிபட்டவரையும் சேர்த்து நினையுங்கள்.

அந்தத் தம்பி பீம்ஸை விற்க மனம் வரவில்லை என்றார். சரி, அப்படியானால் நான் சொல்லும் வரிசையில்தான் என்று பேசிக்கொண்டோம். பதினொரு இடத்திலும் புதுத் தகடு வைத்து, உள்ளே மெழுகு அடித்தாகிவிட்டது. முன் பிரேக் முடிந்தது. பழைய டிஃப்ரன்ஷியல் தாங்காது என்று அச்சையே மாற்றுகிறோம், அது வந்த பிறகுதான் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை அளக்க முடியும். அவருடைய அப்பா சனிக்கிழமைதோறும் வந்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போகிறார். எஞ்சின் இன்னும் அதே பிளாஸ்டிக் தாளுக்குள், மூலையில் இருக்கிறது. போன வாரம் தம்பி சம்பளம் வாங்கியதும் ஆர்9 ஹோஸ் ஐந்து மீட்டர் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.