லிஸ்டீரியா டைப்பிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

லிஸ்டீரியா என்பது உணவு வழியாக நோய் பரப்பும் ஒரு பாக்டீரியா. அதில் எந்த வகை என்று பிரித்தறிவதை ஆய்வகங்களில் ‘லிஸ்டீரியா டைப்பிங்’ என்றே பேசுகிறார்கள். இதில் முதல் சொல்லைத் தமிழாக்க முயல வேண்டாம். அது ஓர் ஆளின் பெயர். அறுவைப் புண் சீழ்பிடிக்காமலிருக்கக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்திய ஆங்கிலேய மருத்துவர் ஜோசப் லிஸ்டர்தான் அவர். ஆனால் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர் அவரல்ல. 1924-ல் கேம்பிரிட்ஜில் ஆய்வு முயல்கள் செத்தபோது, அவற்றின் ரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளணு பெருகியிருந்ததைப் பார்த்து, ஆய்வாளர் முர்ரேயின் குழுவினர் 1926-ல் கிருமிக்கு ‘மோனோசைட்டோஜீன்ஸ்’ என்று பெயரிட்டார்கள். மோனோசைட்டை உண்டாக்குவது என்று பொருள். மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பிரி என்பவர் காட்டெலிகளில் அதே கிருமியைக் கண்டு, லிஸ்டர் நினைவாக ‘லிஸ்டரெல்லா’ என்றார். அந்தப் பெயரோ ஏற்கெனவே ஒரு சளிப்பூஞ்சைக்குப் போய்விட்டது. அதுவும் லிஸ்டருடைய தம்பி ஆர்தரின் நினைவாக! தம்பி முந்திக்கொண்டதால் 1940-ல் பிரியே ‘லிஸ்டீரியா’ என்று மாற்றினார்.

சரி, டைப்பிங்? பாடநூல்களில் ‘வகைப்படுத்தல்’ என்பார்கள். தவறில்லை, ஆனால் உயிர் போய்விடுகிறது. ‘டைப்’ என்பதன் வேர் கிரேக்க ‘டைப்போஸ்’: அடித்துப் பதித்த தடம், அதாவது அச்சு. “அப்பனை அச்சு அசலாக உரித்து வைத்திருக்கிறான்” என்கிறோமே, அந்த அச்சுதான். நோயாளியின் ரத்தத்திலோ தண்டுவட நீரிலோ வளர்ந்த கிருமியும் பாலில் வளர்ந்த கிருமியும் ஒரே அச்சா என்று பார்ப்பதே இந்த வேலை.

லிஸ்டீரியா இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதைக் ‘கண்டறிதல்’ எனலாம். மண், ஓடை, சாக்கடை, தீவனம் என்று எங்கும் இருக்கும் உயிரி இது. ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரும். பழைய ஆய்வாளர்கள் இதையே தந்திரமாக்கி, மாதிரியை வாரக்கணக்கில் குளிரில் வைத்து, மற்ற கிருமிகள் முடங்க இதை மட்டும் பெருகவிட்டார்கள். இன்று அதற்கென்றே தனி ஊட்டக் கரைசல்கள் உண்டு.

ஆனால் இருப்பது தெரிந்தால் போதாது. 1983-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 49 பேருக்கு லிஸ்டீரியா நோய் வந்து, சந்தேகம் பதப்படுத்திய பால் மேல் விழுந்தது. பால் வந்த பண்ணைகளின் பச்சைப் பாலைச் சோதித்தால், ஒன்றல்ல, பல வகை லிஸ்டீரியா கிடைத்தது. எது எதிலிருந்து வந்தது என்று சொல்ல அச்சு ஒப்பீடு தேவைப்படுவது இங்கேதான்.

முதலில் வந்தது ‘செரோடைப்பிங்’: சீரத்திலுள்ள எதிர்ப்பொருள்களோடு கிருமி எப்படி வினைபுரிகிறது என்று பார்த்து வகை பிரிப்பது. சீரம் என்பதற்கு ‘ஊனீர்’ என்ற சொல் இருப்பதால் ‘ஊனீர்வகை அறிதல்’ எனலாம். மனிதரை நோயாக்குபவை பெரும்பாலும் 1/2ஏ, 1/2பி, 4பி என்று பெயரிட்ட மூன்று வகைகள்தான். அதனாலேயே அது போதவில்லை: ஒரே ஊரில் இருவருக்கு 4பி என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம். அப்புறம் மரபணுத்தொகையை முழுதாகப் படிக்கும் முறை வந்தது. 2017-18-ல் தென்னாப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கிய நோயை ‘போலனி’ என்ற பதப்படுத்திய இறைச்சியோடு பொருத்தியது அந்த முறைதான். பிரி பெயர் வைத்த அதே நாடு.

‘டைப்பிங்’ என்பதற்கு என் தேர்வு ‘அச்சறிதல்’. புதிதாகக் காதில் விழும்; ‘வகைப்படுத்தல்’ என்றால் கடையில் காய்கறி பிரிப்பதும் அதுதானே?