லோடு ஆவரேஜ்: எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

லினக்ஸ் சர்வரில் 'அப்டைம்' என்று அடித்தால் வரும் வரியின் கடைசியில் மூன்று எண்கள் இருக்கும். 11.80, 5.81, 2.58 என்று வைத்துக்கொள்வோம். கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கான லோடு ஆவரேஜ் என்று கையேடுகள் சொல்லும். இவற்றைப் பார்த்ததும் பலருக்கு, சிபியு எவ்வளவு உழைக்கிறது என்பதைச் சொல்லும் ஒருவகைச் சதவீதம் என்றே தோன்றுகிறது. சதவீதம் என்றால் 100-க்கு மேல் போக முடியாது. லோடு ஆவரேஜோ 300, 400 என்றும் போகும். அப்படிப் போகும்போது சிபியு ஏறக்குறைய சும்மா இருப்பதும் உண்டு.

லோடு ஆவரேஜ் என்பது ஆள் எண்ணிக்கை. இந்த நொடியில் சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்கள் (ஓடும் நிரல்கள்) எத்தனை, ஓடத் தயாராக வரிசையில் நிற்பவை எத்தனை என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் எண்ணுகிறது. மாவு மில்லில் அரைபட்டுக்கொண்டிருக்கும் டின்னையும் வரிசையில் நிற்கும் டின்களையும் சேர்த்து எண்ணுவது போலத்தான். ஒரே மெஷின் உள்ள மில்லில் எண்ணிக்கை 1 என்றால் மெஷின் ஓடுகிறது, யாரும் காத்திருக்கவில்லை. 4 என்றால் மூன்று பேர் நிற்கிறார்கள். நான்கு மெஷின் உள்ள மில்லில் அதே 4 என்றால் எல்லோருக்கும் வேலை நடக்கிறது.

எனவே சர்வரின் சிபியுவில் எத்தனை கோர் (தனித்து வேலை செய்யும் பகுதி) என்று தெரியாமல் லோடு ஆவரேஜைப் படிக்க முடியாது. 'என்ப்ராக்' கட்டளை அந்த எண்ணிக்கையைச் சொல்லும். 2 கோர் உள்ள மெஷினில் 11.80 என்றால் நெருக்கடி. 64 கோர் மெஷினில் அதே எண் வந்தால் முக்கால்வாசி கோர்களுக்கு மேல் சும்மா இருக்கின்றன. இந்தக் கணக்கில், ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளான த்ரெட்கள் தனித்தனியாக எண்ணப்படுகின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே ஜாவா நிரல் முப்பது த்ரெட்களோடு ஒரே நேரத்தில் ஓட முயன்றால், அந்த ஒன்றே 30 ஆக எண்ணப்படும்.

அடுத்தது சராசரி. 'ஒரு நிமிடச் சராசரி' என்ற பெயரைக் கேட்டால், கடந்த 60 நொடிகளின் எண்களைக் கூட்டி வகுத்தது என்று நினைக்கத் தோன்றும். கெர்னல் அப்படிச் செய்வதில்லை. பழைய அளவீடுகளைச் சேமித்து வைக்க இடம் வேண்டும். அதற்கு அவசியமே இல்லாத ஒரு வழி இருக்கிறது. ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை கெர்னல் வரிசையை எண்ணுகிறது. கையில் இருக்கும் பழைய சராசரியை 0.92 ஆல் பெருக்குகிறது; இப்போது எண்ணியதை 0.08 ஆல் பெருக்குகிறது. இரண்டையும் கூட்டினால் புதிய சராசரி. அவ்வளவுதான். 5 நிமிடச் சராசரிக்குப் பழையதன் பங்கு 0.983, 15 நிமிடத்துக்கு 0.995. கெர்னலுக்குள் தசமக் கணக்கைத் தவிர்ப்பார்கள் என்பதால், நிரலில் இவை 2048-இல் 1884 பங்கு, 2014 பங்கு, 2037 பங்கு என்று முழு எண்களாக எழுதப்பட்டிருக்கின்றன. மூன்று எண்களை வைத்துக்கொண்டு மெஷினின் நெடுங்கால நினைவைச் சுமக்கும் இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த முறையில் பழையது எதுவும் சட்டென்று மறைவதில்லை. 5 நொடிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகிறது. ஒரு நிமிடச் சராசரியில் கடைசி ஒரு நிமிடத்துக்கு இருக்கும் பங்கு 63 சதவீதம்தான். மீதி 37 சதவீதம் அதற்கு முந்தைய காலத்தின் எச்சம். சும்மா இருக்கும் மெஷினில் சிபியுவை விடாமல் பிடித்துக்கொள்ளும் நிரல் ஒன்றை ஓட விடுங்கள். உண்மையான சுமை முதல் நொடியிலிருந்தே 1. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் முதல் எண் 0.63 என்றிருக்கும், 5 நிமிடம் கழித்து மூன்று எண்களும் ஏறக்குறைய 0.99, 0.63, 0.28 என்று நிற்கும்.

இது தெரிந்துவிட்டால் மூன்று எண்களையும் பின்னோக்கிப் படிக்கலாம். தொடக்கத்தில் சொன்ன 11.80, 5.81, 2.58 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 0.4 என்ற அளவில் அமைதியாக இருந்த சர்வரில், சுமார் 3 நிமிடத்துக்கு முன் 12 ப்ராசஸ்கள் வந்து சேர்ந்து இன்னும் போகாமல் இருந்தால் சரியாக இந்த எண்கள்தான் வரும். அந்த 3 நிமிடத்துக்கு முன் என்ன நடந்தது என்று சர்வரின் நிகழ்வுப் பதிவான லாகில் தேடப் போகலாம். எண்கள் தலைகீழாக 2.58, 5.81, 11.80 என்று இருந்தால் சிக்கல் வந்து போய்விட்டது. நாம் பார்ப்பது அதன் வால். தனித்தனியாக ஒவ்வொரு எண்ணையும் விட, அவை ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்பதே அதிகம் பேசுகிறது.

5 நொடி இடைவெளிக்கு இன்னொரு விளைவும் உண்டு. குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை ஒன்று 100 ப்ராசஸ்களைக் கிளப்பி இரண்டே நொடியில் முடிக்கிறது என்று வைப்போம். எண்ணும் தருணம் அந்த இரண்டு நொடிக்குள் விழுந்தால் ஒரு நிமிடச் சராசரி ஒரேயடியாக 8 ஏறும். விழாவிட்டால் எதுவுமே நடக்காதது போல இருக்கும். சரியாக 5 நொடிக்கு ஒருமுறை ஓடும் வேலை என்றால் ஒவ்வொரு முறையும் அகப்படலாம், அல்லது ஒருமுறைகூட அகப்படாமல் போகலாம். இதைத் தவிர்க்கத்தான் லினக்ஸ் 5 நொடியோடு கடிகாரத்தின் ஒரு 'டிக்'கையும் சேர்த்து எண்ணுகிறது. எண்ணும் தருணம் ஒவ்வொரு முறையும் சில மில்லிநொடி நகர்ந்துகொண்டே போவதால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை.

இந்த அளவீடு யூனிக்ஸில் பிறந்ததல்ல. பிடிபி-10 கணினிகளில் ஓடிய டெனெக்ஸ் இயங்குதளத்தில் அது இருந்தது. ஆர்எஃப்சி என்ற கணினி வலையமைப்பு ஆவண வரிசையில் 1973 ஆகஸ்டில் வந்த 546-ஆம் ஆவணம், முந்தைய ஜூலை மாதத்து டெனெக்ஸ் லோடு ஆவரேஜ்களைப் பற்றியது. சிபியுவுக்கான தேவையின் அளவு என்று அதற்கு விளக்கமும் தருகிறது. 1, 5, 15 நிமிடம் என்ற மூன்று காலங்களும் டெனெக்ஸிலேயே இருந்தன. ஐம்பது ஆண்டுகளாக அந்த மூன்றையும் யாரும் மாற்றவில்லை.

ஆனால் எதை எண்ணுவது என்பதை லினக்ஸ் மாற்றியது. 1993 அக்டோபரில், லினக்ஸ் இன்னும் 0.99 பதிப்பில் இருந்தபோது, மத்தியாஸ் உர்லிக்ஸ் ஒரு சிறிய திருத்தம் அனுப்பினார். மெமரி போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் டிஸ்கில், வேகமானதை எடுத்துவிட்டு மெதுவான டிஸ்கைப் போட்டால் லோடு ஆவரேஜ் குறைகிறதே, இது நியாயமா என்பது அவர் கேள்வி. ப்ராசஸ்கள் சிபியு வரிசையை விட்டு டிஸ்கின் முன்னால் போய் நிற்கின்றன. சிபியு வரிசை மட்டுமே எண்ணப்படுவதால் எண் இறங்குகிறது. பயனருக்கோ சர்வர் முன்பைவிட மெதுவாகிவிட்டது. எனவே டிஸ்குக்காகக் காத்திருப்பவையும் சேர்த்து எண்ணப்பட வேண்டும் என்றார். திருத்தம் ஏற்கப்பட்டது. இந்தக் காரணம் பிறகு பலருக்கும் மறந்துபோயிருந்தது. 2017-இல் பிரெண்டன் கிரெக் என்ற செயல்திறன் நிபுணர் பழைய மடல்களைத் தோண்டி அதை மீட்டெடுத்தார்.

அதனால்தான் லினக்ஸின் லோடு ஆவரேஜ் சிபியுவின் கணக்காக மட்டும் இருப்பதில்லை. மெஷின் முழுவதற்குமான கணக்காக இருக்கிறது. இங்கே கூடுதலாக எண்ணப்படுபவை 'டி நிலை'யில் இருக்கும் ப்ராசஸ்கள். டிஸ்கிலிருந்து தரவு வரும்வரை, இடையில் எந்தச் சிக்னலாலும் எழுப்ப முடியாத உறக்கம் அது. பாதி முடிந்த வேலையை அப்படியே கலைத்தால் கெர்னலின் உள்கணக்குகள் குழம்பிவிடும் என்பதால் இந்தக் கண்டிப்பு. கட்டாயமாகக் கொல்லும் 9-ஆம் சிக்னலை அனுப்பினாலும் அந்த ப்ராசஸ் சாகாது.

1993-இல் இந்த நிலைக்குப் போகும் இடங்கள் கெர்னலில் பதின்மூன்றே இருந்தன. 2017-இல் வந்த 4.12 பதிப்பில் கிட்டத்தட்ட 400 ஆகிவிட்டன என்று கிரெக் எண்ணிச் சொன்னார். அவற்றுள் டிஸ்கோடு தொடர்பே இல்லாத பூட்டுகளும் (ஒரே தரவை ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் தடுப்பவை) அடக்கம். உர்லிக்ஸின் வாதம் இன்றும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் எண்ணச் சொன்ன கூட்டம் அன்று ஒரே வகை, இன்று பல வகை.

சர்வர் பார்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை ஒன்று இதிலிருந்து வருகிறது. நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக இன்னொரு மெஷினின் கோப்பகத்தை மவுன்ட் செய்திருக்கிறீர்கள், அதாவது உங்கள் மெஷினோடு இணைத்திருக்கிறீர்கள். அந்த மெஷின் விழுந்துவிடுகிறது. மவுன்ட் 'ஹார்டு' வகை என்றால் பதில் வரும்வரை காத்திருப்பதுதான் விதி. அந்தக் கோப்பகத்தைத் தொடும் ஒவ்வொரு ப்ராசஸும் அப்படியே உறைகிறது. டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை 'டிஎஃப்' ஓட்டும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் இருந்தால், நிமிடத்துக்கு ஒன்று வீதம் அவையும் போய்ச் சேர்கின்றன. லோடு ஆவரேஜ் 5, 6, 7 என்று சீராக ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் 'டாப்' கட்டளையைத் திறந்தால் சிபியு 98 சதவீதம் ஓய்வு என்று காட்டும். சுமை ஏற்ற இறக்கத்தோடு இருப்பதுதான் இயல்பு. இப்படி நேர்கோட்டில் ஏறினால் எதுவோ எதிலோ சிக்கியிருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். 2008-இல் வந்த 2.6.25 கெர்னல், கொல்வதற்கு மட்டும் இடம் தரும் ஒருவகைக் காத்திருப்பு நிலையை அறிமுகப்படுத்தியது. என்எஃப்எஸ் அதைப் பயன்படுத்துகிறது. ஆகவே இன்று அவற்றைக் கொல்ல முடிவதுண்டு. ஆனால் லோடு கணக்கில் அவையும் முழுசாகவே எண்ணப்படுகின்றன.

இந்த எண்ணை மனிதர்கள் மட்டும் படிப்பதில்லை என்பதால் சிக்கல் பரவுகிறது. மெயில் அனுப்பும் நிரலான சென்ட்மெயிலின் இயல்பு அமைப்பில், ஒரு கோருக்கு 8 என்ற அளவை லோடு தொட்டால் மெயில்களை உடனே அனுப்பாமல் வரிசையில் போடும். 12-ஐத் தொட்டால் புதிய இணைப்புகளையே மறுக்கும். 'பேட்ச்' கட்டளையில் கொடுத்த வேலைகள் லோடு 1.5-க்குக் கீழே இறங்கும்வரை தொடங்குவதில்லை. ஒரு என்எஃப்எஸ் மவுன்ட் உறைந்ததற்காக, சிபியு முழு ஓய்வில் இருக்கும் சர்வர் மெயிலை மறுக்கலாம். மறுக்கும் நிரலின் மேல் குற்றமில்லை. அதற்குக் கிடைத்த எண்ணில், காத்திருப்பின் காரணம் எழுதப்பட்டிருக்கவில்லை.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். 'நைஸ்' மதிப்பை 19-க்கு ஏற்றி, எல்லோருக்கும் வழிவிட்டுப் பின்னணியில் ஓடும் கணக்கீடு ஒவ்வொரு கோரையும் நிரப்பினால் லோடு கோர் எண்ணிக்கைக்குச் சமமாக நிற்கும். ஆனாலும் மற்றவர்கள் அதை உணரவே மாட்டார்கள். ஒரே மெஷினில் நிரல்களைத் தனித்தனியே பிரித்து ஓட்டும் கன்டெய்னருக்குள் இருந்து பார்த்தால் பொதுவாகத் தெரிவது அதைத் தாங்கும் ஹோஸ்ட் மெஷினின் லோடுதான். பக்கத்துக் கன்டெய்னரின் சுமைக்கு நம் நிரலைக் குடைந்துகொண்டிருப்போம். கோர் ஒன்றுக்கு 0.7 தாண்டினால் ஆபத்து என்பது போன்ற விதிகளை நான் நம்பாததற்கு இவையே காரணம். இரவெல்லாம் நிரல்களைத் தொகுக்கும் மெஷினுக்கு இரண்டு மடங்கு லோடும் ஆரோக்கியம்தான். பணப் பரிவர்த்தனைக்கு உடனுக்குடன் பதில் தர வேண்டிய மெஷினில் பாதி லோடே அதிகமாக இருக்கலாம்.

எண் உயர்ந்திருக்கிறது என்றால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதற்காக நிற்கிறார்கள்? 'விஎம்ஸ்டாட்' அதை உடனே இரண்டாகப் பிரித்துக் காட்டும். முதல் பத்தியான 'ஆர்' ஓடுபவையும் சிபியுவுக்காக நிற்பவையும்; இரண்டாவதான 'பி' டி நிலையில் தடைபட்டவை. 'ஆர்' பெரிதாக இருந்தால் எந்த நிரல் சிபியுவைத் தின்கிறது என்று 'டாப்'பில் பார்க்கலாம். 'பி' பெரிதாக இருந்தால் 'பிஎஸ்' கட்டளையில் நிலைப் பத்தியைக் கேட்டு, டி என்று இருப்பவற்றைத் தனியே எடுக்க வேண்டும். கெர்னலின் எந்த இடத்தில் அவை உறங்குகின்றன என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். என்எஃப்எஸ் தொடர்பான பெயர் வந்தால் நெட்வொர்க் பக்கம், கோப்பு முறைமையின் பெயர் வந்தால் டிஸ்க் பக்கம்.

இந்தப் பிரிவினையைக் கெர்னலே செய்து தரும் ஏற்பாடு 2018 டிசம்பரில் 4.20 பதிப்போடு வந்தது. ஃபேஸ்புக்கில் பணியாற்றிய ஜொஹானஸ் வைனர் எழுதிய இதன் பெயர் பிஎஸ்ஐ (ப்ரெஷர் ஸ்டால் இன்ஃபர்மேஷன்). சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணாமல், நின்றதால் எவ்வளவு நேரம் வீணானது என்பதைச் சதவீதமாகத் தருகிறது. 'சம்' என்ற வரி, ஒரு ப்ராசஸாவது தடைபட்டிருந்த நேரத்தின் பங்கு. 'ஃபுல்' என்ற வரி, வேலை உள்ள எல்லாமே ஒருசேரத் தடைபட்டு எதுவும் நகராத நேரத்தின் பங்கு. சராசரிகள் 10, 60, 300 நொடிகளுக்கு. இந்தச் சதவீதத்தைப் படிக்கக் கோர்களை எண்ண வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் மெமரி தட்டுப்படும்போது எந்தச் செயலியை மூடுவது என்று முடிவு செய்யும் நிரலும் இதைத்தான் கேட்கிறது.

8 கோர் சர்வரில் லோடு 40 என்று வருகிறது. பிஎஸ்ஐயில் சிபியு 'சம்' 1 சதவீதம்கூட இல்லை, டிஸ்க் 'ஃபுல்' 60 சதவீதம். அந்த 40 பேரில் பெரும்பாலானவர்கள் டிஸ்க் வாசலில் நிற்கிறார்கள். கூடுதல் கோர்கள் வாங்கினால் அவர்களுக்கு ஒரு மில்லிநொடிகூட மிச்சமாகாது. வேகமான டிஸ்க் வேண்டும், அல்லது டிஸ்கைத் தொடும் வேலையைக் குறைக்க வேண்டும்.